கால்நடை மருத்துவம் படிக்க எங்கே போகலாம்? தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பிள்ளைகளுக்கு ஓர் ஒப்பீடு

பிளஸ் டூ ரிசல்ட் வந்த வாரத்தில் உயிரியல் பாடம் எடுக்கும் என்னிடம் மாணவர்களும் பெற்றோரும் தவறாமல் கேட்பது இது: "பி.வி.எஸ்சி.க்குப் (கால்நடை மருத்துவப் பட்டப்படிப்பு) போட்டால் எந்தக் காலேஜ் நல்லது சார்?" காரிமங்கலம் செவ்வாய்ச் சந்தையிலும் குந்தாரப்பள்ளி வெள்ளிச் சந்தையிலும் மாடும் ஆடும் கைமாறுகிற ஊர்கள் நம்முடையவை. கோமாரி வந்து மாடு தீனி எடுக்காமல் நிற்பதையும், சினை ஊசி போட ஆள் வராமல் பருவம் தவறிப்போவதையும் பார்த்தே வளர்ந்த பிள்ளைகள் இந்தப் படிப்பைக் கேட்பதில் ஆச்சரியம் இல்லை. ஆனால் கல்லூரிப் பெயரைக் கேட்கும் முன் முடிவு செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. மதிப்பெண் வழியா, நீட் வழியா, பணம் கட்டும் வழியா? மூன்றில் எது உங்களுக்குத் திறந்திருக்கிறது என்பது தெரிந்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

மதிப்பெண் வழி

தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் மாநில ஒதுக்கீட்டு இடங்களுக்கு நீட் வேண்டாம். பிளஸ் டூ மதிப்பெண்தான் கணக்கு. இதை எத்தனை முறை சொன்னாலும் எங்கள் பக்கத்தில் பாதிப் பெற்றோர் நம்புவதில்லை. "டாக்டர் படிப்பு என்றாலே நீட்" என்று மனசில் பதிந்துவிட்டதால், நல்ல மதிப்பெண் எடுத்த பிள்ளை விண்ணப்பமே போடாமல் இருந்துவிடுகிறது. அதைப் பார்க்கும்போதுதான் எனக்கு உண்மையில் வயிறு எரியும்.

கட்-ஆஃப் 200-க்குக் கணக்கிடப்படுகிறது. உயிரியல் 100-க்கு அப்படியே. இயற்பியலும் வேதியியலும் பாதிப் பாதியாக. உயிரியலில் 96, இயற்பியலில் 92, வேதியியலில் 94 எடுத்த பெண்ணுக்கு 96 கூட்டல் 46 கூட்டல் 47, ஆக 189. தாவரவியல், விலங்கியல் என்று தனித்தனியாகப் படித்தவர்களுக்கு அவை இரண்டும் சேர்ந்து அந்த 100. இதிலிருந்து ஒரு விஷயம் தெளிவாகும்: உயிரியலில் போகிற ஒரு மதிப்பெண், இயற்பியலில் போகிற இரண்டுக்குச் சமம். பதினொன்றாம் வகுப்பிலேயே இந்தப் படிப்பு வேண்டும் என்று முடிவு செய்த பிள்ளை, உயிரியல் ஒரு மதிப்பெண் வினாக்களைக்கூட விட்டுவிடக் கூடாது. தரவரிசையின் தலையில் 200-க்கு 200 எடுத்தவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். அங்கே அரை மதிப்பெண் வித்தியாசம்கூடப் பல இடங்கள் கீழே தள்ளிவிடும்.

இடங்கள் எவ்வளவு? 2023-ஆம் ஆண்டுச் சேர்க்கையில் பல்கலைக்கழகத்தின் ஏழு கல்லூரிகளிலும் சேர்த்து 660 இடங்கள். சென்னை, நாமக்கல், திருநெல்வேலி, ஒரத்தநாடு ஆகிய நான்கு பழைய கல்லூரிகளில் 420, தலைவாசல், உடுமலைப்பேட்டை, தேனி ஆகிய மூன்று புதியவற்றில் 240. பழைய நான்கின் 420-இல் 15 விழுக்காடு, அதாவது 63 இடங்கள், அகில இந்திய ஒதுக்கீட்டுக்குப் போயின. மீதி 597 தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்கு. அதில் 69 விழுக்காடு இட ஒதுக்கீடு உண்டு. பழங்குடியினருக்கு உள்ள ஒரு விழுக்காடு என்பது ஏறத்தாழ 6 இடம். எண்ணிக்கை சிறியதுதான். ஆனால் சித்தேரி மலையிலிருந்து படித்து வரும் பிள்ளை போட்டியிட வேண்டியது அந்தச் சிறு வட்டத்துக்குள்தான், எனவே பொதுக் கட்-ஆஃபைப் பார்த்து மலைத்துப்போய் விலகிவிடக் கூடாது.

அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு கால்நடை மருத்துவத்துக்கும் உண்டு. 2021-இல் தொழிற்படிப்புகளுக்குக் கொண்டுவந்த சட்டத்தின் கீழ் வந்தது இது. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். 597-இல் கணக்குப் போட்டால் 45 இடம் அளவுக்கு வரும். இந்த ஒதுக்கீட்டில் இடம் பெற்றவர்களின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. பென்னாகரத்திலும் அஞ்செட்டியிலும் அரசுப் பள்ளியில் படிக்கும் பிள்ளைக்கு இதைவிட நல்ல வாய்ப்பு தொழிற்படிப்பில் எதுவும் எனக்குத் தோன்றவில்லை. ஒரே எச்சரிக்கை: "கோச்சிங் நன்றாக இருக்கும்" என்று பதினொன்றாம் வகுப்பில் மட்டும் தனியார் பள்ளிக்கு மாற்றிவிடும் பெற்றோர் இருக்கிறார்கள். மாற்றிய அன்றே இந்த ஒதுக்கீடு போய்விடுகிறது. மாற்றுவதற்கு முன் இரண்டு பக்கமும் எடை போட்டுப் பாருங்கள்.

ஒரு வருஷம் காத்திருக்கலாமா?

கட்-ஆஃப் நாலைந்து மதிப்பெண்ணில் தவறிய பிள்ளைகள் வீட்டில் கட்டாயம் வரும் பேச்சு இது. இங்கே இரண்டு வழிகளின் வேறுபாட்டைப் புரிந்துகொள்ள வேண்டும். மாநில ஒதுக்கீட்டுக்குக் கணக்கு பிளஸ் டூ மதிப்பெண் என்பதால், ஒரு வருஷம் வீட்டில் இருந்தாலும் அந்த எண் மாறாது. தேறிய பாடத்தை மதிப்பெண் கூட்டுவதற்காக மறுபடி எழுதும் பழைய முறை நம் மாநிலப் பாடத்திட்டத்தில் இப்போது இல்லை. ஆக, காத்திருப்பது நீட் வழிக்கு மட்டுமே பயன்படும்.

நீட் எழுதினால் எம்.பி.பி.எஸ். வாய்ப்போடு, இந்தியக் கால்நடை மருத்துவக் கவுன்சில் நடத்தும் அகில இந்தியக் கலந்தாய்விலும் கலந்துகொள்ளலாம். அந்த ஒதுக்கீட்டில் நாடு முழுக்க இடங்கள் இருந்தாலும் போட்டியும் நாடு முழுக்க. என் கருத்து இது: நீட்டுக்கு ஏற்கெனவே ஓரளவு தயாராக இருந்து, பக்கத்தில் வந்து தவறிய பிள்ளை ஒரு வருஷம் எடுத்துக்கொள்ளலாம். பள்ளிப் பாடத்தில் நன்றாக எழுதி, நீட்டில் மிகவும் பின்தங்கிய பிள்ளையை, கோச்சிங் சென்டருக்குப் பெரும் பணம் கட்டி உட்கார வைப்பது அந்தப் பிள்ளைக்குச் செய்கிற நன்மை ஆகாது.

ஏழில் எது?

சரி, கட்-ஆஃப் இருக்கிறது, கலந்தாய்வில் கல்லூரி தேர்ந்தெடுக்க வேண்டும். ஏழுக்கும் ஒரே பல்கலைக்கழகம், ஒரே பாடத்திட்டம், ஒரே பட்டம். நாலரை ஆண்டுப் படிப்பு, அப்புறம் ஓராண்டு உள்ளிருப்புப் பயிற்சி என்று மொத்தம் ஐந்தரை ஆண்டு எல்லா இடத்திலும் ஒன்றுதான். வேறுபடுவது கல்லூரி மருத்துவமனைக்கு என்ன பிராணி வருகிறது என்பது. ஐந்தரை ஆண்டில் கையால் தொட்டுக் கற்பது அதைப் பொறுத்துத்தான் அமையும். கல்லூரியின் வயதைவிட, பேரைவிட, நான் இதைத்தான் முதலில் பார்ப்பேன்.

சென்னை வேப்பேரியில் உள்ள கல்லூரி 1903-இல் தொடங்கியது. நாட்டின் மிகப் பழைய கால்நடைக் கல்லூரிகளில் ஒன்று. நகரத்தின் நடுவில் இருப்பதால் நாய், பூனைச் சிகிச்சை அங்கே மிக விரிவாக நடக்கிறது. எலும்பு முறிவு, கண், தோல், அறுவை என்று நுட்பமான பிரிவுகளைப் பார்க்கலாம். முதுநிலைப் படிப்பில் பிரிவுகள் அதிகம், வனவிலங்கு அறிவியல் துறையும் உண்டு. நமக்குப் போக வரவும் பெரிய சிரமம் இல்லை. தர்மபுரிப் பக்கத்துப் பிள்ளைகள் மொரப்பூரில் ரயில் ஏறினால் சென்ட்ரல், அங்கிருந்து வேப்பேரி எட்டிய தூரம். கிருஷ்ணகிரியிலிருந்து பஸ். பெங்களூர் காற்று வீசும் ஓசூரில் செல்லப்பிராணிக் கிளினிக்குகளுக்கு இன்றைக்குத் தேவை கூடிக்கொண்டே போகிறது. அப்படி ஒரு கிளினிக் வைக்கும் எண்ணம் இருந்தாலும், முதுநிலை வரை போகும் எண்ணம் இருந்தாலும், சென்னையை முதலில் எழுதுங்கள். அது முதலில் நிரம்பிவிடும் என்பதையும் மனசில் வையுங்கள்.

நாமக்கல் 1985-இல் தொடங்கியது. நம் மாவட்டப் பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு நான் சொல்லும் முதல் பெயர் இது. தூரம் ஒரு காரணம். கிருஷ்ணகிரி, தர்மபுரி, தொப்பூர், சேலம், நாமக்கல் எல்லாம் ஒரே நெடுஞ்சாலையில். தர்மபுரியிலிருந்து 120 கிலோமீட்டர் அளவுதான், வெள்ளிக்கிழமை சாயங்காலம் கிளம்பினால் ராத்திரிச் சாப்பாடு வீட்டில். ஆனால் பெரிய காரணம் வேறு. முட்டைக் கோழிப் பண்ணைகளின் நடுவில் இருக்கிறது அந்தக் கல்லூரி. ஒரு பண்ணையில் திடீரென்று கோழிகள் சாகும்போது, அறுத்துப் பார்த்து, தீவனமா, தண்ணீரா, கிருமியா என்று கண்டுபிடிக்கும் வேலையை அங்கே மாணவர்கள் அருகில் நின்று பார்க்க முடியும். அதோடு சுற்றுவட்டாரக் கிராமங்களின் கறவை மாடும் வெள்ளாடும் வருகின்றன. கன்று திரும்பி மாட்டிக்கொண்டது, ஈன்ற மாடு எழ முடியாமல் படுத்துவிட்டது, மடிநோயில் பால் திரிந்தது என்று வருபவை எல்லாம் நாளை பாலக்கோட்டிலும் ஊத்தங்கரையிலும் அந்தப் பிள்ளை பார்க்கப்போகும் அதே நோயாளிகள். ஊருக்குத் திரும்பி வந்து வேலை செய்ய நினைப்பவருக்கு இதைவிடப் பொருத்தமான பயிற்சிக்களம் கிடையாது என்பது என் உறுதியான எண்ணம்.

தலைவாசலை நம் பக்கத்தில் "சேலம் காலேஜ்" என்று சொல்கிறார்கள். சேலம் நகரத்தில் போய் இறங்கித் தேடாதீர்கள். ஆத்தூரைத் தாண்டி, தலைவாசல் கூட்ரோட்டில், ஆயிரம் ஏக்கருக்கு மேல் பரந்த கால்நடைப் பூங்கா வளாகத்தில் இருக்கிறது. 2020-இல் தொடங்கிய கல்லூரி. அரூர்ப் பிள்ளைகள் மஞ்சவாடிக் கணவாய் வழியாகச் சேலம் வந்து மாறிப் போகலாம். கட்டடங்கள் புதியவை, இடம் விஸ்தாரம். பழைய கல்லூரிகளில் இருக்கும் நீண்ட கால முதுநிலைத் துறைகளும், பல தலைமுறை முன்னாள் மாணவர்களின் பக்கபலமும் இங்கே இனிமேல்தான் உருவாக வேண்டும். உடுமலைப்பேட்டையும் தேனியும் அதே 2020-ஐச் சேர்ந்தவை. உடுமலைப்பேட்டைக்குப் பக்கத்தில் பல்லடம் கறிக்கோழிப் பண்ணைகள் இருப்பது ஒரு பலம்.

ஒரத்தநாடும் திருநெல்வேலியும் 2012-இல் வந்தவை. இரண்டுமே நல்ல கல்லூரிகள், நமக்குத் தூரம் மட்டும்தான் குறை. திருநெல்வேலிக்குப் போன பிள்ளை பொங்கலுக்கும் தீபாவளிக்கும்தான் வீட்டுக்கு வரும். அதற்காக அந்தப் பெயர்களை விருப்பப் பட்டியலில் எழுதாமல் விடாதீர்கள். சென்னையும் நாமக்கல்லும் மட்டும் எழுதிவிட்டு, இரண்டும் நிரம்பி, கையில் ஒன்றும் இல்லாமல் நிற்பதைவிட மோசமானது எதுவும் இல்லை. ஏழையும் எழுதுங்கள். ஐந்தரை வருஷம் தூரத்தில் இருந்தால் பிள்ளை தேய்ந்துவிடாது.

பெண் பிள்ளைகளின் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. "மாட்டைப் பிடிக்கிற படிப்பு, பொம்பளப் பிள்ளைக்கு எதுக்கு" என்று இன்னும் சொல்கிறார்கள். வகுப்புகளில் இன்று பெண்கள் நிறைந்திருக்கிறார்கள். பெரிய மாட்டைக் கட்டுப்படுத்தத் தேவை உடம்பு பலத்தைவிட முறை தெரிந்திருப்பதுதான், அதைக் கல்லூரியில் சொல்லித் தருகிறார்கள். எல்லையோரக் கிராமங்களில் கறவை மாடு பார்ப்பது பெரும்பாலும் பெண்கள். மாட்டின் குறையை ஒரு பெண் டாக்டரிடம் அவர்கள் கூச்சமின்றிச் சொல்வதை நானே பார்த்திருக்கிறேன்.

எல்லை தாண்டினால்

அகில இந்திய ஒதுக்கீட்டில் இடம் கிடைத்தால், நமக்கு மிக அருகில் இருப்பது பெங்களூர் ஹெப்பாள் கால்நடைக் கல்லூரி. ஓசூரிலிருந்து பார்த்தால் நாமக்கல்லைவிட அதுதான் பக்கம். திருப்பதி, கேரளாவில் மண்ணுத்தி, வயநாட்டில் பூக்கோடு ஆகியவையும் நல்ல தேர்வுகள். மாட்டுக்காரர் சொல்கிற அறிகுறி புரியாவிட்டால் கிளினிக்கில் நிற்பதில் பாதிப் பயன் போய்விடும் என்பதால் உள்ளூர் மொழி ரொம்ப முக்கியம். தேன்கனிக்கோட்டை, தளி, பாகலூர்ப் பிள்ளைகள் பலர் கன்னடமோ தெலுங்கோ வீட்டிலேயே பேசி வளர்ந்தவர்கள். மற்ற மாவட்டப் பிள்ளைகளுக்கு இல்லாத இந்த வசதியை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. புதுச்சேரி குரும்பாப்பேட்டில் உள்ள ராஜீவ் காந்தி கால்நடைக் கல்லூரியையும் பட்டியலில் வைக்கலாம், அதன் சேர்க்கை முறை தனி.

வெளி மாநிலத் தனியார் கல்லூரிகளைப் பற்றி நேரடியாகவே சொல்லிவிடுகிறேன். அரசுக் கல்லூரியில் ஆண்டுக்கு ஆயிரங்களில் முடிகிற செலவு அங்கே லட்சங்களில் போகும். ராஜஸ்தானிலும் மற்ற வட மாநிலங்களிலும் அப்படிப்பட்ட கல்லூரிகள் உள்ளன. ஏஜென்ட்டுகள் நம் ஊர் லாட்ஜில் அறை எடுத்து "சீட் கன்ஃபர்ம்" என்று பேசுவார்கள். அவர்களிடம் கேட்க வேண்டியது இந்தியக் கால்நடை மருத்துவக் கவுன்சிலின் அங்கீகாரம். 1984-ஆம் ஆண்டுச் சட்டப்படி, அங்கீகரிக்கப்பட்ட பட்டம் இருந்தால்தான் மாநிலக் கவுன்சிலில் பதிவு செய்ய முடியும். பதிவு இல்லாமல் ஊசி போட முடியாது, அரசு வேலைக்கு விண்ணப்பிக்கவும் முடியாது. கல்லூரி தொடங்க அனுமதி கிடைப்பது ஒரு கட்டம், பட்டத்துக்கு அங்கீகாரம் கிடைப்பது வேறு கட்டம். இரண்டையும் ஒன்றாக்கிப் பேசினால் எழுந்து வந்துவிடுங்கள். கவுன்சிலின் இணையதளத்தில் பட்டியல் இருக்கிறது. நிலத்தை அடகு வைத்து அந்தச் சீட்டை வாங்குவதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன், கல்லூரி அங்கீகாரம் பெற்றதாகவே இருந்தாலும்.

சீட் கிடைக்கவில்லை, அடுத்து?

நம் மாவட்டத்துக்குள்ளேயே இருக்கும் ஒன்றை நாமே மறந்துவிடுகிறோம். ஓசூர் மத்திகிரியில் இதே பல்கலைக்கழகத்தின் கோழியின உற்பத்தி மற்றும் மேலாண்மைக் கல்லூரி இருக்கிறது. பி.டெக். கோழியினத் தொழில்நுட்பம், நான்கு ஆண்டு, 40 இடங்கள். குஞ்சு பொரிப்பகம், தீவன ஆலை, இறைச்சிப் பதனிடும் ஆலை, பெரிய பண்ணை நிர்வாகம் என்று வேலை அமைகிறது. இது டாக்டர் பட்டம் ஆகாது. மருந்து எழுதும் உரிமை வராது. அதைத் தெரிந்துகொண்டு சேர்கிறவர்களுக்கு நல்ல படிப்பு. "எப்படியும் டாக்டர் மாதிரிதானே" என்று நினைத்துச் சேர்ந்தால் இரண்டாம் வருஷம் மனசு கசந்துவிடும்.

சென்னைக்கு அருகே கோடுவள்ளியில் உணவுத் தொழில்நுட்பத்துக்கு 40 இடமும் பால்வளத் தொழில்நுட்பத்துக்கு 20 இடமும் உள்ளன. மாங்கூழ் ஆலைகள் நிறைந்த கிருஷ்ணகிரிக்கு உணவுத் தொழில்நுட்பம் எவ்வளவு பொருத்தம் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. இந்த பி.டெக். படிப்புகளுக்கான பாடப்பிரிவு விதி பி.வி.எஸ்சி.யைப் போன்றதல்ல. கணிதம் எடுக்காத பிள்ளைகள் விண்ணப்பக் கட்டணம் கட்டும் முன் விளக்கக் குறிப்பேட்டில் அதைப் பார்த்துவிட வேண்டும்.

எம்.பி.பி.எஸ்.ஸும் கிடைத்து இதுவும் கிடைத்தால் எதை எடுப்பது என்று கேட்பவர்களுக்கு என்னிடம் பொதுவான பதில் இல்லை. பிள்ளை ஒரு வாரம் பக்கத்துக் கால்நடை மருந்தகத்தில் போய் நிற்கட்டும். டாக்டரிடம் முறையாகக் கேட்டால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். சாணியும் ரத்தமும், கன்றுக்காகப் புலம்பும் பாட்டியும், வாய் பேசாத நோயாளியும் இருக்கும் அந்த இடத்தில் நிற்க மனசு வருகிறதா என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

வேலையைப் பொறுத்தவரை, அரசின் கால்நடை உதவி மருத்துவர் பணிக்கு டி.என்.பி.எஸ்.சி. தேர்வு உண்டு. 2019-இல் 1,141 இடங்களுக்கு அறிவிப்பு வந்தது. அப்படி ஒன்று ஆண்டுதோறும் வருவதில்லை என்பதால், அதை மட்டும் நம்பிப் படிக்க வேண்டாம். ஆவின், கோழிப் பண்ணை நிறுவனங்கள், வங்கிகளின் வேளாண் அலுவலர் பணி, ராணுவத்தின் கால்நடைப் பிரிவு, யு.பி.எஸ்.சி. நடத்தும் இந்திய வனப்பணி ஆகியவற்றுக்கும் இந்தப் பட்டம் தகுதி. அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டைக் காடுகளில் யானைக் கூட்டத்தைப் பார்த்து வளர்ந்து, வனவிலங்கு மருத்துவராக வேண்டும் என்று கேட்கும் பிள்ளைகளும் உண்டு. அதற்கும் முதல் படி இதே பி.வி.எஸ்சி.தான், அப்புறம் வனவிலங்கில் முதுநிலை.

விண்ணப்பத்துக்கு முன்

விண்ணப்பம் பல்கலைக்கழக இணையதளத்தில், பிளஸ் டூ முடிவையொட்டி வரும். அதற்குள் சாதிச் சான்று, இருப்பிடச் சான்று, முதல் பட்டதாரி என்றால் அதற்கான சான்று எல்லாம் இ-சேவை மையத்தில் வாங்கி வைத்திருங்கள். ஜூன் மாதத்தில் அங்கே கூட்டம் தாங்காது. அரசுப் பள்ளிப் பிள்ளைகள் ஆறு முதல் பன்னிரண்டு வரையிலான படிப்புச் சான்றைப் படித்த பள்ளிகள் எல்லாவற்றிலும் வாங்க வேண்டும். நடுவில் பள்ளி மாறியிருந்தால் ஏப்ரலிலேயே தொடங்கிவிடுங்கள். ஓசூர் எல்லையில் இருந்துகொண்டு கர்நாடகத்தில் அத்திப்பள்ளிப் பக்கம் பள்ளிக்குப் போனவர்களுக்கு இருப்பிடச் சான்று இல்லாமல் மாநில ஒதுக்கீடு சிக்கலாகும். பிறந்த தேதியையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள், சேரும் ஆண்டு டிசம்பர் 31-க்குள் 17 வயது நிறைந்திருக்க வேண்டும்.